தறிக்குழியில் கிடைத்த பாதிப் பெயர்

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு நாள், தொல்லியல் முதுநிலைப் பட்டயப் படிப்பு மாணவர்கள் களப்பயிற்சி செய்யும் இடத்துக்குப் போய் வருகிறேன். யாரும் அழைக்காவிட்டாலும் போவேன். இந்த வருடம் போனபோது மாணவர்கள் கையில் குறிப்பேடு இல்லை, டேப்லெட் இருந்தது. பானை ஓடு ஒன்று கிடைத்தால் கருவியை நீட்டி ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஆழம், திசை, மண்ணடுக்கு எல்லாம் தானாகவே ஏறிவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் அதே வேலையைத் தூக்குக்குண்டும் டேப்பும் பிடித்துக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் செய்தவர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள். "மேம், தப்பா என்ட்ரி போட்டுட்டா டெலிட் பண்ணிடலாமா? நீங்கள்லாம் பேப்பர்ல எழுதினவங்க. தப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் தப்பே பண்ணதில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நடந்ததைச் சொன்னேன். அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் தென்னேரி. அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசனத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட எங்களுக்குக் கிடையாது. நான் வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, அகழாய்வு கற்றுக்கொள்ளப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன் என்று சொன்னபோது அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வெச்சேன்? இப்ப மண்ணு வெட்றதுக்கே ஒரு படிப்பு படிக்கிறேன்றியே, இன்னாடி இது?"

அப்பாதான் "சர்க்காரு மண்ணுடி, சர்க்காரு மம்பட்டி" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தார்.

முதல் எட்டு மாதம் வகுப்பறை. கல்வெட்டு, காசு, கட்டடக்கலை, பானை வகைகள் என்று பாடங்கள் ஓடின. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதியம் தூங்கியிருக்கிறேன். கடைசியில் ஆறு வாரக் களப்பயிற்சி வந்தது. இடம் பெரிய காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நெசவாளர் தெரு ஒன்றின் பின்புறம் கிடந்த காலி மனை. அந்த மனையும் அதை ஒட்டிய வீடும் பரிமளா என்ற நெசவாளருக்கும் அவர் கணவர் வேலாயுதத்துக்கும் சொந்தம். எப்போதோ அங்கிருந்த பழைய வீடு இடிந்து விழுந்து, வெறும் மேடாகக் கிடந்தது. புது வீடு கட்டுவதற்கு முன்னால் ஆறு வாரம் தோண்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஆனியில் கடைக்கால் பூஜை போட்டாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். இந்தக் கெடுவைப் பரிமளா முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சாரதா மேடம். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் போடுகிற தோல் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. குழிக்கு அருகே ஒரு நாற்காலி போட்டிருப்போம். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, தன் பையைத்தான் அதில் வைப்பார். கூலி வேலைக்கு வந்த பெண்களையும் எங்களையும் ஒன்றுபோல "நீங்க" என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் இறங்கிவிடும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் ஆறு பேரும் நிமிர்ந்து நிற்போம்.

அவர் கற்றுக்கொடுத்த முதல் விஷயம் குறிப்பேடு எழுதும் முறை. இடது பக்கம், கண்ணால் பார்த்தது. வலது பக்கம், அதைப் பற்றி நினைத்தது. "கரிய நிற மண், கெட்டியானது, கரித்துண்டுகள் உண்டு" என்பது இடது பக்கம். "அடுப்பு இருந்திருக்கலாம்" என்பது வலது பக்கம். இடது பக்கத்தில் "அடுப்பு" என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். நான் முதல் வாரத்தில் ஒன்பது பக்கம் திரும்ப எழுதினேன்.

நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரமாக இரண்டு குழிகள். ஒன்று என் பொறுப்பில், மற்றது ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குமரேசன் பொறுப்பில். மற்ற நால்வரும் முறை வைத்து எங்களோடு வேலை செய்தார்கள். மண்ணை அடுக்கடுக்காக, வந்த வரிசைக்கு எதிர் வரிசையில் எடுக்க வேண்டும். மேலே கிடப்பது பிந்தியது, கீழே கிடப்பது முந்தியது. ஒரு பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதுதான் அதன் உயிர். அடுக்கைத் தொலைத்துவிட்டால் அது வெறும் அழகான ஓடு.

மண்வெட்டி பிடிப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்களில் ஒருவர் முதல் நாளே என்னைப் பார்த்து, "இது புதுசா புடிக்கிற கை இல்லமா" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடத்துக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை மற்றவர்களிடம், "குழியோட சுவரை எப்படிச் செதுக்கறதுன்னு எஸ்தர்கிட்டப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

மூன்றாவது வாரம் குமரேசன் குழியில் சிவப்புக் கல்மணி ஒன்று கிடைத்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அன்று முழுவதும் அவன் நடையே மாறிவிட்டது. என் குழியில் உடைந்த ஓடுகளும் கரியும் தவிர ஒன்றும் வரவில்லை. அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் குழியின் தரை முழுக்க ஒரே நிறத்தில் ஈரமாக இருந்தது.

"காயட்டும். காஞ்சதும் கொத்தனார் கரணையால ஒரு தடவை முழுக்கச் சுரண்டுங்க. மண்ணோட நிறத்தைப் பார்த்துட்டு அப்புறம் கீழ இறங்குங்க" என்று சொல்லிவிட்டு மேடம் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார்.

நான் காத்திருக்கவில்லை. மணி கிடைத்தவன் பக்கத்துக் குழியில் விசிலடித்துக்கொண்டிருந்தான். ஈர மண் வெண்ணெய்போல வந்தது. பதினோரு மணிக்குள் அரை அடி இறங்கிவிட்டேன். அப்போது கரணை முனையில் ஓர் ஓடு தட்டுப்பட்டது. கறுப்பும் சிவப்புமான ஓடு, உள்ளங்கை அகலம். தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தேன். மேல்புறத்தில் கோடுகள் தெரிந்தன. கீறிய கோடுகள். எழுத்துகள்.

ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டைச் சாய்த்துப் பிடித்தார். "சா" என்றார். இன்னும் கொஞ்சம் சாய்த்து, "அடுத்தது 'த்'. அதுக்கப்புறம் உடைஞ்சிருக்கு. பழைய தமிழ் எழுத்து. யாரோ தன் பேரை எழுதியிருக்காங்க." அவர் குரலில் அப்படி ஒரு குழைவை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று எல்லோருக்கும் தேநீரோடு காராசேவும் வந்தது. குமரேசன் மனசார என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் சீட்டு எழுதினேன். குழி எண், ஆழம், திசை அளவுகள், நான்காம் மண்ணடுக்கு, என் கையெழுத்து. அந்த எழுத்தை வைத்து நான்காம் அடுக்குக்கு இப்போது ஒரு காலம் கிடைத்துவிட்டது என்று மேடம் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை உயர் அதிகாரி பத்திரிகைக்காரர்களோடு வருவதாக முடிவானது.

புதன்கிழமை மதியம், அவர்கள் பார்வைக்காகக் குழியின் மேற்குச் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மண் நன்றாகக் காய்ந்திருந்தது. கரணையை இழுக்க இழுக்க, கெட்டியான கரிய மண்ணின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மண் பொலபொலவென்று சாம்பல் நிறம். மூன்றடி தள்ளி இன்னொரு கோடு. இரண்டுக்கும் கீழே சமமான அடி. யாரோ பிற்காலத்தில் மேலிருந்து நான்காம் அடுக்கைக் குடைந்து ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். பிறகு அது தூர்ந்துபோயிருக்கிறது. நான் குறிப்பேட்டை எடுத்து ஓட்டின் அளவுகளைப் பார்த்தேன். டேப்பைப் பிடித்தேன். ஓடு கிடைத்த இடம் அந்தச் சாம்பல் மண்ணுக்குள், அந்தப் பிற்காலக் குழியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே. நான் சீட்டில் எழுதிய நான்காம் அடுக்கில் இல்லை.

காயட்டும் என்றார் மேடம். நான் காத்திருந்தால் தரையிலேயே அந்தச் சாம்பல் கட்டம் தெரிந்திருக்கும்.

குமரேசன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சுவரை இன்னும் ரெண்டு விரக்கடை செதுக்கிட்டா கோடு போயிடுமா?" என்று கேட்டான்.

"போகாது. உள்ள இன்னும் போயிக்கினு இருக்குது."

"அப்போ ஒரு கோணியத் தொங்க விட்டுடலாம். வெள்ளிக்கிழமை தாண்டட்டும். ஓடு பொய்யில்லையே எஸ்தர், நெஜ ஓடுதானே?"

அவன் கெட்டவன் இல்லை. எனக்காகத்தான் சொன்னான். எனக்கும் அந்தக் கோணியைத் தேடிப் போக ஆசையாக இருந்தது. மேடம் மனையின் மறுகோடியில் ஓடு கழுவும் பெண்களோடு நின்றிருந்தார். அவரிடம் போவதற்கு நாற்பது அடிதான் இருக்கும். இரண்டு தடவை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை போய், "மேடம், நான் சீட்டுல தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவர் என் கூட வந்து குழிக்குள் இறங்கினார். என் கரணையை வாங்கி, நான் செதுக்கிய இடத்திலேயே தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "மழைக்கு மறுநாளா?"

"ஆமாம் மேடம். காயறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் புதுச் சீட்டு ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். பழையதைக் கிழிக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க. 'நான்காம் மண்ணடுக்கு'ன்றது மேல ஒரே ஒரு கோடு போடுங்க. அடியில இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதுங்க, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. தப்பைக் கிழிச்சுப் போட்டுட்டா, நாம எங்க தடுமாறினோம்னு நமக்கே தெரியாமப் போயிடும்."

கோடு போட்டேன். கண்ணீர் சீட்டில் விழாமல் பார்த்துக்கொண்டேன். மேடம் தெருமுனைக் கடையிலிருந்த தொலைபேசியில் தலைமை அலுவலகத்தோடு பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். "பத்திரிகைக்காரங்க வேணாம் சார். ஓட்டை வெச்சு இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். மறுமுனையில் நீளமாக ஏதோ பேசினார்கள். "இல்ல சார், ஸ்டூடண்ட்ஸ் யாரும் இல்ல. என் பொறுப்புல நடந்தது" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்பி நடக்கும்போது, "சரி, அந்தக் குழி என்னன்னு பார்க்கலாம் வாங்க" என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

இரண்டு நாள் அந்தச் சாம்பல் மண்ணை மட்டும் தனியாக எடுத்தோம். மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், நேரான சுவர்கள். சுவரில் களிமண் பூச்சு. அடியில் ஒரு முளை ஊன்றிய துளை, ஓர் ஓட்டைக் காலணா, கறுத்துச் சுருண்ட நூல்போல ஏதோ கொஞ்சம். ஆறு பேரும் ஆளுக்கொன்று சொன்னோம். தண்ணீர்த் தொட்டி. தானியக் குழி. சமாதி என்று சொன்னவன் குமரேசன். மேடமும் வலது பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பரிமளா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நெய்துகொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்திருந்தார். கடைக்கால் பூஜைக்கு நாள் நெருங்குகிறது, என்றைக்கு இடத்தைக் காலி செய்கிறீர்கள் என்று சண்டை பிடிக்கத்தான் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தவர் பேச வந்ததை விட்டுவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்படி எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறீங்க?"

"இது என்னன்னு தெரியலைம்மா" என்றார் மேடம்.

பரிமளா முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு குழியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியில் இறங்கி, குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். உட்கார்ந்த இடத்தில் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்ததை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். அவருடைய பாதங்கள் அடித்தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. இடது காலை அழுத்தினார், வலது காலை அழுத்தினார். கை தானாகவே, அங்கே இல்லாத ஊடைநூல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது.

"தறிக்குழிபா இது. அந்த ஓட்டைல மிதிக்கட்டைக்கு முளை அடிப்பாங்க. எங்க ஊட்டுக்காரு தாத்தா இங்கதான் தறி நெஞ்சிக்கினு இருந்தாராம். எம்மாம் படிச்சிருக்கீங்க, ஒரு தறிக்குழி தெரியல."

கறுத்த நூலை நான் நீட்டினேன். வாங்கி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கறுப்புக்கு அடியில் வெள்ளி மின்னியது. "ஜரிகை" என்றார். "அந்தக் காலத்து சரக்கு. இப்ப வர்றது இந்த மாதிரி இல்ல."

சாரதா மேடம் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக அந்த விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தோம். சமாதி என்று சொன்ன குமரேசனைப் பரிமளா கடைசியாக உட்கார வைத்து, "எப்படி இருக்குது சமாதி?" என்று கேட்டார்.

இடத்தைக் காலி செய்யும் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. மேடம் விஷயத்தை மறைக்கவில்லை. ஓடு தறிக்குழிக்குள் எப்படி வந்தது என்று தெரியவேண்டும், விளிம்பைச் சுற்றியுள்ள கரிய மண்ணை இன்னும் பத்து நாள் நிதானமாக எடுத்தால் ஒருவேளை தெரியும், ஒருவேளை தெரியாமலும் போகும் என்றார். பரிமளா கொஞ்சம் யோசித்தார்.

"ஆனி கடைசில ஒரு முகூர்த்தம் இருக்குது. அத்த வுட்டா ஆவணிதான்." வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, பூஜைய கடைசி முகூர்த்தத்துக்கு மாத்திக்கலாம். புரோகிதர்கிட்ட சொல்லிட்டு வந்துடு."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. வேலாயுதம் "சரி" என்று சொல்வது கேட்டது. தறி மறுபடி ஓடியது.

அந்தப் பத்து நாளும் நான் வேலை செய்ததுபோல அதற்குப் பிறகு முப்பது வருட உத்தியோகத்திலும் செய்ததில்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் நின்றேன். சுரண்டினேன். பார்த்தேன். எழுதினேன். ஏழாம் நாள் காலை, தறிக்குழியின் வடக்கு விளிம்பை ஒட்டிய கரிய மண்ணில் குமரேசன் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தான். "எஸ்தர், இங்க வா" என்றான், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

கெட்டி மண்ணுக்குள் பாதி பதிந்தபடி ஓர் ஓட்டின் விளிம்பு. கறுப்பும் சிவப்பும். தறிக்குழி வெட்டியபோது அதன் உடைந்த பக்கம் குழியின் சுவரில் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. சுற்றிலும் சாம்பல் மண் ஒரு துளி இல்லை. மேடத்தைக் கூப்பிட்டோம். அவர் யாரையும் தொடவிடவில்லை. முதலில் படம். பிறகு அளவு. பிறகு சீட்டு. "அடுக்கு என்ன?" என்று என்னைத்தான் கேட்டார். நான் மூன்று பக்கமும் சுரண்டிப் பார்த்துவிட்டு, "நான்கு" என்றேன். அவரும் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகே ஓடு வெளியே வந்தது.

கழுவித் துடைத்து, மேசையில் முதல் ஓட்டின் பக்கத்தில் வைத்தோம். மேடம் இரண்டையும் எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்தார். சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. புதிய ஓட்டில் இரண்டு எழுத்து இருந்தது.

"த. ன்" என்று படித்தார் மேடம். பிறகு முழுவதையும் சேர்த்து, யாரையோ வாசலிலிருந்து கூப்பிடுவதுபோலச் சொன்னார். "சாத்தன்."

ஓடு கழுவுகிற பெண்கள், நெசவை விட்டு வந்த பரிமளா, வேலாயுதம், நாங்கள் ஆறு பேர், எல்லோரும் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த பெயர். தறிக்குழி வெட்டியவர்கள் அந்தப் பானையை நடுவில் உடைத்திருக்கிறார்கள். ஒரு பாதி சுவரில் நின்றுவிட்டது, மறு பாதி வெளியே போய், பின்னால் குழி தூர்ந்தபோது மண்ணோடு சரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. பானை எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று இப்போது எவரும் கேள்வி கேட்க முடியாது. கோணியைத் தொங்கவிட்டிருந்தால் அந்த விளிம்பை நாங்கள் தேடியே இருக்க மாட்டோம். குமரேசன் இதை அன்றைக்கே வாய்விட்டுச் சொன்னான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனைக் கடைசிவரை நண்பனாக வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் குழிகளை மூட வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அந்த வருடத்துப் புதுக் காசு ஒன்றைப் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளுவார்கள். பின்னால் எவராவது தோண்டினால், முன்னால் தோண்டியவர்கள் எதுவரை வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மேடம் காசைப் போடப் போகும்போது பரிமளா கேட்டார். "அவரு பேரு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. நாம வெறும் காசப் போட்டுட்டுப் போறதா?"

மேடம் அவரையே பார்த்தார். ஒழுங்குமுறையில் இப்படி எதுவும் கிடையாது. மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வீட்டுல புதுப் பானை இருக்காம்மா?" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மண்பானை ஒன்றைப் பரிமளா கொண்டுவந்தார். மேடம் தன் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, முதலில் தேதியைக் கீறினார். அதன் கீழே தன் பெயர். பிறகு நாங்கள் ஆறு பேர். ஓடு கழுவிய பெண்களில் எழுதத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கும் சேர்த்து எழுதினார்கள். பரிமளா கோயில் கோபுரம்போலப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டதால் வேலாயுதத்துக்கு இடமில்லை. அவர் பானையைக் கவிழ்த்து அடியில் எழுதினார். பானையைக் குழியின் மூலையில் காசோடு வைத்துவிட்டு மண்ணைத் தள்ளினோம். நான் தென்னேரிக்காரி. மம்பட்டியை எவரிடமும் கொடுக்கவில்லை.

அந்த இடத்தில் வீடு எழுந்தது. பின்கட்டில், நாங்கள் மூடிய குழிக்கு மேலேயே தறியும் வந்தது. போன மாதம் காஞ்சிபுரம் போனபோது பரிமளாவைப் பார்த்தேன். மகனும் மருமகளும் நெய்கிறார்கள். அவரும் காலையில் இரண்டு மணி நேரம் தறியில் உட்காருகிறார். சாரதா மேடம் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்று அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார். பிறகு தறியில் உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

"எங்க போயிடப் போறாங்க? எல்லாரும் இங்கதான்பா இருக்குறோம்" என்று சொல்லிவிட்டு, நாடாவைத் தள்ளினார்.